தென்னரசுவின் முதுகு

திண்டிவனத்தில் நல்ல கத்தாழை கிடைப்பது கஷ்டம், ஜெசிந்தா அக்கா. கடையில் விற்பதெல்லாம் வாடிப்போனது. ரயிலடிப் பக்கம் ஒரு வீட்டு வாசல் தொட்டியிலிருந்துதான் ஒடித்துக்கொண்டு வந்தேன். உங்கள் தம்பி தென்னரசுவுக்காகத் திருடியிருக்கிறேன். முதலில் அதைக் கணக்கில் வையுங்கள்.

போலீஸ் எழுத்துத் தேர்வை நானும் தென்னரசுவும் சேர்ந்துதான் எழுதினோம். அவன் பாஸ். நான் இல்லை. எங்கப்பா செல்போனில் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "சின்னக்கண்ணு பையன் வந்துட்டான் போல" என்றார். பிறகு சாப்பிடப் போய்விட்டார். உங்கள் அப்பா எங்கள் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்க வந்தவர் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வரவில்லை.

பொறாமைக்காரனாக இருந்தால் நாங்கள் தங்கியிருந்த திண்டிவனம் ரூமைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பேன். நான் கூடவே இருந்து அவனுக்குக் கோச் ஆனேன். அந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் உங்கள் கல்யாணப் பேச்சையே எடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும். உடல் தகுதித் தேர்வு விழுப்புரத்தில். காலையிலிருந்து வெட்டவெளியில் வரிசையில் நிற்க வைப்பார்கள், அதனால் உடம்பை வெயிலுக்குப் பழக்கணும் என்றேன். கத்திரி வெயிலில் சட்டையில்லாமல் ஓடினான். நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்து நேரம் பார்த்தேன்.

"வல்லரசு, முதுகு எரியுதுடா."

"எரிஞ்சாத்தான் பழகும். ஜல்தி இன்னொரு ரவுண்டு போய்க்கினு வா."

போனான். அவனிடம் உள்ள கோளாறே அதுதான், சொன்னால் நம்பிவிடுவான்.

தோல் சிவந்து, கொப்பளித்து, உரிய ஆரம்பித்தது. நீங்கள் நர்ஸ், போனில் தெளிவாகத்தான் சொன்னீர்கள். பிய்க்காதே, தானா விழட்டும். ஈரத்துணி போடு. கத்தாழை தடவு. தண்ணி நிறைய குடிக்க வை. எல்லாம் செய்தேன். ஆனால் தானா விழட்டும் என்று சொல்வது சுலபம், அக்கா. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். பழைய சுவரில் சுண்ணாம்பு மாதிரி ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விழவும் மாட்டேன் என்கிறது, ஒட்டவும் மாட்டேன் என்கிறது. அவன் வேறு குப்புறப் படுத்துக்கொண்டு, "போலீசானா மொத கேஸ் உன் மேலதாண்டா" என்று சிரிக்கிறான்.

ஒரு ஓரத்தைக் கிள்ளினேன். வலிக்கலை என்றான். செத்த தோல்தானே.

செத்த தோல் முடிந்த இடத்தில் நான் நிறுத்தவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்களாக எனக்குச் சாக்கு தேட வேண்டாம். விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்து வளர்ந்த கை இது. மேல் ஓட்டை எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம், உள்ளே பருப்பின் சிவப்புத் தோலில் நகம் பட்டால் முளைக்காது. எங்கே நிறுத்தணும் என்று என் விரலுக்குத் தெரியும்.

"டேய், என்னடா பண்ற? உயிர் போவுது."

"மருந்து போடறேன். பேஜாரு பண்ணாம படு."

"அக்காவுக்கு ஒரு போன் போடட்டா?"

"அவங்க டூட்டில இருப்பாங்க. நான் கேட்டுட்டேன். ஆறும்போது அப்படித்தான் எரியுமாம்."

நான் கேட்கவில்லை. நீங்கள் போட்டோ அனுப்பச் சொன்னபோது, முதல் நாள் எடுத்ததை அனுப்பினேன். அதில்தான் முதுகு பார்க்கிற மாதிரி இருந்தது.

தேர்வன்று விழுப்புரம் பஸ்ஸில் அவன் சீட்டில் சாயாமலே வந்தான். மைதானத்து வாசலில் புது பனியன் மாற்றணும் என்றான். பழையது முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுக்கலாம். என் கையில் பாட்டிலும் இருந்தது. நேரமாகிறதே என்று ஒரே இழுப்பில் கழற்றினேன். கண்ணில் தண்ணியோடு, "தேங்க்ஸ்டா மச்சான்" என்றான்.

கயிறு ஏறுவதை வெளியே கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் முதுகுத் தோல் முழுக்க இழுபடும். புது பனியன் நடுவில் சிவந்தது. அப்படியும் ஏறினான், அக்கா, உச்சிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. பக்கத்தில் நின்றவர்கள் யார் பெற்ற பிள்ளையோ என்று பார்க்காமல் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். பொறாமை பிடித்தவன் கை தட்டுவானா, நீங்களே சொல்லுங்கள். மற்றவர்கள் அவன் ஏறும்போது தட்டினார்கள். நான் அவன் கீழே விழுந்த பிறகு தட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.