பெண்கள் பக்கத்துக் கதவு

பாட்டு நன்றாக இருந்தால் போதும், எங்கள் பக்கத்து ஜனங்கள் படம் பார்க்க எட்டு மைல் நடந்து வருவார்கள். அதை நம்பித்தான், இன்ஸ்பெக்டர் ஐயா, நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். 1938இல் தருமபுரியில் முதல் டூரிங் கொட்டகை. இரண்டு வருஷத்தில் பாலக்கோட்டில் இன்னொன்று.

பிறகு யுத்தம் முற்றியது. கரண்டு எடுக்கும் எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. புதுப்படம் வருவது குறைந்தது. பாலக்கோட்டில் சில நாள் முப்பது பேருக்குத்தான் படம் ஓட்டினோம். ஆபரேட்டர் தீர்த்தகிரி இரண்டு மாதமாகச் சம்பளம் கேட்கவில்லை. பாலக்கோட்டை மூடிவிட்டு ஒன்றையாவது ஒழுங்காக நடத்தலாம் என்று அவர்தான் சொன்னார்.

நான் வேறு மாதிரி யோசித்தேன். ஒன்றை மூடினால் கடன் கொடுத்தவர்கள் அந்த வாரமே வாசலில் நிற்பார்கள். இன்னொன்றைத் திறந்தால் மாலையோடு வருவார்கள். அப்படித்தான் நடந்தது. 1943இல் பென்னாகரத்தில் மூன்றாவது கொட்டகையைத் திறந்தபோது, வெல்ல மண்டிக்காரர் மாலை போட்டு மேலும் கடன் கொடுத்தார்.

அந்தக் கொட்டகைக்குப் பழைய கீற்றுதான் போட்டேன். மெஷின் அறையைச் சுற்றிலும் தகரம் அடிக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி வந்து நிற்கும் பக்கம் மட்டும் அடித்தேன், மற்றது மூங்கில் தட்டி. பெண்கள் பக்கத்துக் கதவுக்குக் காவல் இருந்த மாது என்பவனை, சம்பளம் மிச்சம் என்று நிறுத்தினேன். ஆள் இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாமல் நுழைவார்கள். ஆகவே படம் தொடங்கியதும் அந்தக் கதவை வெளியே பூட்டச் செய்தேன். செய்தேன் என்ன, நானே பூட்டினேன்.

தீர்த்தகிரி ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அந்தக் கதவ மட்டும் பூட்டாதீங்க மொதலாளி. பிலிம் பத்திக்கிச்சின்னா தண்ணி ஊத்துனாலும் அணையாதுங்க."

அடுத்த மாதம் ஆள் வைக்கிறேன் என்றேன். அதை அப்போது உண்மையாகவே சொன்னேன்.

ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு வந்த கூட்டமெல்லாம் முதல் ஆட்டத்துக்கு நுழைந்தது. பெண்கள் பக்கம் உட்கார இடமில்லை. மூன்றாவது ரீலில் பிலிம் பற்றிக்கொண்டது. தட்டி பிடித்தது, தட்டியிலிருந்து கூரை. ஆண்கள் முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார்கள். நடுத் தடுப்பைத் தாண்டிப் பெண்களில் பலரும் அவர்களோடு வந்துவிட்டார்கள், தங்கள் பக்கத்துக் கதவை நம்பி ஓடியவர்கள் உள்ளே சிக்கினார்கள். தீர்த்தகிரியும் தலைமுடி கருகி வெளியே வந்தார். வந்தவர், பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டுத் திரும்ப உள்ளே ஓடினார்.

நான் நான்கு பேரைக் கூப்பிட்டு முதலில் எஞ்சினை வெளியே இழுத்தேன். அது அடமானத்தில் இருந்தது. அதன் பிறகுதான் கதவுப் பக்கம் போனேன். நான் போனபோது உள்ளே சத்தம் அடங்கிவிட்டது என்று விசாரணையில் சொன்னேன். யாரோ கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார்கள். பதினொரு பெண்கள். கதவை ஒட்டித் தீர்த்தகிரி. அவர் கைக்குள் சாவி இருந்தது. அவரே பூட்டிவிட்டு மறந்துபோனார் என்று எழுதிக்கொண்டார்கள்.

கதவு பெயர்ந்ததும் எல்லோரும் பெண்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அந்தச் சாவியை அவர் கையில் வைத்தவன் நான். விரல்களை நான்தான் மடக்கினேன்.

சத்தம் அடங்கிவிட்டது என்றதும் சரியல்ல. உள்ளே தட்டிக்கொண்டிருந்தார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது. ஆனால் அதற்குள் சுற்றிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எடுத்தால் பூட்டியது யார் என்று தெரிந்துவிடும். கடப்பாரை வரட்டும் என்று நின்றேன். அது வர வெகு நேரம் ஆகவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஊர் என்மேல் இரக்கப்பட்டது. வெல்ல மண்டிக்காரர் வட்டியைத் தள்ளினார். போன வெள்ளிக்கிழமை மொரப்பூரில் புதுக் கொட்டகை திறந்தேன். அன்று சாயங்காலம் தீர்த்தகிரியின் மனைவி ராஜாமணி பஸ் ஏறி வந்திருந்தாள். பென்னாகரத்தில் நான்கு வருஷமாக யாரும் அவளைக் கூலிக்குக் கூப்பிடுவதில்லை. அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் தகப்பன் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். உதவி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து மடியைத் தொட்டேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு பண்ணுன தப்புனால உங்களுக்கும் கெட்ட பேருங்க. அவர மன்னிச்சிட்டன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

மாலை போட வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.