நாலு முளைக்குள்ளே

— டொக்கு டொக்குனு என்னா சத்தம்? மாது! கோடாலிய கீழ போடுங்க! அது சர்க்கார் முளைங்க!

— அடிச்சது நீங்கதானுங்களே, பக்ருதீன் சார்! என் ராகிக்கொல்லையில நாலு முளை அடிச்சி, கயிறு கட்டி, ஊரு வயித்துல மண்ணப் போட வந்துட்டீங்க!

— நான் என்னா பண்ணேன்? கயித்துக்குள்ள இருக்கிறத அறுத்து, நிறுத்து எழுதணும். அவ்வளவுதான் என் வேலை.

— எழுதுவீங்க! ரெண்டு ஏக்கரும் காஞ்சி கருவாடாக் கெடக்கு. உங்க கயித்துக்குள்ள மட்டும் பச்சப்பசேல்னு கதிரு. இத நிறுத்துக் காமிச்சா இந்தப் பக்கம் ஒருத்தனுக்காச்சும் வறட்சி நிவாரணம் வருமா?

— வுடு மாமா, அவருகிட்ட என்னா சண்ட...

— நீ சும்மா இரு, செல்லம்மா!

— மாது, ஊரு பூரா அறுத்து நிறுக்க முடியாதுங்க. அதனால நாலே நாலு கொல்லை; அதுல வர்ற எடைதான் ஊருக்கே கணக்கு. எந்தக் கொல்லை, அதுல எந்த எடம்னு நான் பொறுக்கறதில்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டாப்புல நம்பர் புஸ்தகம் சொல்லும். மூலையிலருந்து நீளத்துல முப்பத்தேழு எட்டு, அகலத்துல பன்னெண்டு எட்டுன்னு வந்துச்சு. எண்ணி நடந்தேன், முளை அடிச்சேன்.

— கண்ணில்லாத புஸ்தகம் பச்சை இருக்கிற எடத்த எப்பிடி சார் கண்டுபுடிச்சிது? யாருகிட்ட கதை வுடறீங்க?

— அல்லா மேல ஆணையா எனக்கும் புரியல! முளை அடிச்ச அன்னிக்கு கொல்லை முச்சூடும் ஒரே வாட்டந்தான்.

— அப்ப நகத்திக் கட்டுங்க. அந்தாண்ட பத்தடி!

— மாட்டேன். இன்னிக்கு உங்களுக்கு நகத்துனா, நாளைக்கு இன்னொருத்தன் அவனுக்கு நகத்தச் சொல்லுவான். அப்பறம் இது கணக்கா?

— ஒரு மாசம் பெங்களூருல கல்லு ஒடைச்சிட்டு இன்னிக்குக் காத்தாலதான் வந்து எறங்குனேன். ஊரே என் மூஞ்சியில காறித் துப்பும் சார்! ஏ செல்லம்மா, மரமாட்டம் நிக்கிறியே! நீ இங்கதான இருந்த? பச்சையப் பாத்துத்தான இவரு முளை அடிச்சாரு? சொல்லு!

— அவரத் திட்டாத மாமா. பச்சை அப்பறந்தான் வந்திச்சு.

— எப்பிடி வந்திச்சு?

— இத்தன கொல்லை இருக்க நம்மளுத எடுத்தாங்களே, வெளைச்சல் போட்டிதான்னு நெனச்சிட்டேன்; மறுநாளுலருந்து போரிங் பைப்புத் தண்ணி, தெனம் முப்பது குடம், அந்த நாலு முளைக்குள்ள மட்டும் ஊத்துனேன்.