அப்பீல் போக ஒரு அனுமதி

செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய மின்ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்த இளையவர் சொன்னார்: "அப்பீல் போறதுக்கே கோர்ட்டாண்ட பெர்மிஷன் கேக்கணும்க்கா. அச்சரப்பாக்கத்துல கீற எங்க அண்ணி கேட்டாங்க."

"இன்னாடி சொல்ற? அப்பீல் போறது நம்ம உரிமையாச்சே?"

"கேஸ்ல நம்ம பேரு இருந்தாதான் அது. இது நெலத்துக்காரங்க அண்ணன் தம்பி சண்ட. கேஸ் முடியறவரைக்கும் நெலத்துல யாரும் காலு வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிட்ச்சு. எங்க அண்ணி காலனிக்குப் போற ஒரே வழி அதுலதான் கீது. வேலி போட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"காலனியில எல்லாரும் கேஸ் முடியட்டும்னாங்க. அண்ணிதான், 'அதுவரைக்கும் வூட்டுக்குப் பறந்தா போறது?'ன்னு வக்கீலப் புடிச்சாங்க. மேல்கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல், 'இந்தம்மா கேஸ்லயே இல்ல, எப்டி அப்பீல் போடலாம்?'னு கேட்டாரு. ஜட்ஜம்மா அண்ணியப் பாத்தாங்க. அண்ணி எழுந்து, 'கேஸ்ல நான் இல்லம்மா. வேலிக்குப் பின்னால நான்தான் இருக்கேன்'னாங்க."

மூத்தவர் பார்த்துக்கொண்டிருந்த கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"பெர்மிஷன் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அப்பீல் முடியறவரைக்கும் காலனிக்காரங்களுக்கு வழி வுடணும்னும் சொல்லிட்டாங்க. மறுநாளே வேலியப் பிரிச்சாச்சு."

"அந்த எடத்துல நானா இருந்தா அழுதுருப்பேன்."

"அவங்களும் அழுதாங்கக்கா. வெளிய வந்தப்புறம்."