ஒன்பது குறிப்புகளும் ஒரு பூனையும்

— …அதனால நண்பர்களே, கம்ப்யூட்டர்தான் நமக்கு வேலை செய்யணும். நாம கம்ப்யூட்டருக்கு வேலை செய்யக் கூடாது! இந்த இடத்துல கைதட்டல் வரும். நீ தட்டு.

— கையில இஸ்திரிப் பெட்டி இருக்குங்க. சட்டை வேணுமா, கைதட்டல் வேணுமா?

— சட்டை. ஆனா முகத்துலயாவது கொஞ்சம் ஆர்வம் காட்டும்மா. மத்தியானம் முதல் வரிசையில எங்க மேலாளர் உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு பேச்சு எடுபட்டுச்சுன்னா பிரிவுத் தலைவர் பதவி எனக்குத்தான். அவரே ஜாடை காட்டிட்டார்.

— என்ன ஜாடை?

— லிஃப்ட்ல என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

— அவர் லிஃப்ட்ல இருக்கற கண்ணாடியைப் பார்த்தும் சிரிப்பார்னு நீங்கதானே சொன்னீங்க?

— அது வேற சிரிப்பு. சுருக்கமா சொன்னா, எனக்கு இன்னைக்கு முக்கியமான நாள்.

— எனக்கும் முக்கியமான நாள்தாங்க. மத்தியானத்துக்குள்ள எங்க கம்பெனிக்கு ஒரு பதில் சொல்லணும். வேற ஊர்ல புதுசா லேப் திறக்கறாங்களே, அதை நான் போய்…

— சொல்லலாம், சொல்லலாம். ஒத்திகை முடியட்டும். குறிப்பு ஒண்ணு என்ன? ஒரு வேலை நடக்கும்போது இன்னொரு வேலையைத் தொடக் கூடாது.

— அதைச் சொல்லிக்கிட்டே சாக்ஸ் மாட்டறீங்க.

— அது கால் செய்யுது. மனசு ஒத்திகையில இருக்கு. ஏய், ஏய்! இந்தப் பூனையைத் தூக்கு! கீபோர்டு மேலயே படுத்துக்கிச்சு. பாரு, ஸ்லைடு முழுக்க ஒரே எழுத்தா ஓடுது!

— அங்கதான் அதுக்குக் கதகதப்பா இருக்கு. நீங்களே மெல்லத் தள்ளி விடுங்க. பிராண்டாது.

— பிராண்டாதாம். இந்தப் பூனை எப்படி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கலை. ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வர்றேன், என் நாற்காலியில எனக்கு முன்னாடியே உட்கார்ந்திருக்கு. கேட்டா, 'நீங்கதானே சரின்னீங்க'ன்னு நீயும் பொண்ணும் ஒரே குரல்ல சொல்றீங்க.

— சரின்னுதாங்க சொன்னீங்க.

— எப்போ சொன்னேன்?

— குறிப்பு ரெண்டு என்னங்க?

— ஆங், குறிப்பு ரெண்டு. நண்பர்களே, வர்ற மெயிலை எல்லாம் ஒரே இடத்துல குவிய விடாதீங்க. தனித்தனியா ஃபோல்டர் போடுங்க. யார் அனுப்பினது எங்கே போகணும்னு ஒரு தடவை விதி எழுதி வச்சுட்டா, அப்புறம் அதுவே பிரிச்சுக்கும். மேலாளர் மெயில் ஒரு பக்கம், கணக்குப் பிரிவு ஒரு பக்கம், விளம்பரமெல்லாம் நேரா குப்பைக்கு.

— ஒரு சந்தேகம், வாத்தியாரே.

— கேளுங்க, மேடம். கேள்விக்கும் நேரம் ஒதுக்கியிருக்கேன்.

— வீட்டுக்காரி மெயில் எங்கே போகும்?

— உனக்கா? உனக்குத் தனி ஃபோல்டர். 'ஓய்வா படிக்க'ன்னு பேர் வச்சிருக்கேன்.

— அடடா. அதைக் கடைசியா எப்போ திறந்தீங்க?

— ஓய்வு வரணுமேம்மா.

— அப்போ நேர்லயே சொல்லிடறேன். எங்க பெயிண்ட் கம்பெனியில அந்தப் புது லேப்புக்கு…

— பெரிய விஷயம், புரியுது. பெரிய விஷயங்கறதாலதான் சொல்றேன், இஸ்திரி போட்டுக்கிட்டே பேசக் கூடாது. எழுத்துல அனுப்பு. எழுத்துல இருந்தா ஒரு தெளிவு.

— அனுப்பினேனே. முதல்ல மெயில் போட்டேன். பதிலே இல்லை. அப்புறம் உங்க காலண்டருக்கே ஒரு அழைப்பு அனுப்பினேன்.

— பலே! அப்படிப் போடு! அதுதான் முறை. பதில் வந்துச்சா?

— கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துச்சு.

— என்னன்னு?

— அக்செப்டட்னு.

— முடிஞ்சுது! இதுக்கு மேல பேச என்ன இருக்கு? வாயைத் திறக்காமலே ஒரு குடும்ப விஷயம் தீர்ந்துடுச்சு. இதையே இன்னைக்கு மேடையில உதாரணமா சொல்லப் போறேன்.

— சொல்லுங்க. அவசியம் சொல்லுங்க.

— குறிப்பு மூணு. ரெண்டு நிமிஷத்துல முடியற வேலையா? தள்ளிப் போடாதீங்க, அப்பவே முடிச்சுடுங்க. ஒரு பதில், ஒரு கையெழுத்து, ஒரு போன்.

— மாடி பல்பு மாத்தறது?

— அது ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும்.

— ஏணி எடுக்கற நேரத்தையும் சேர்த்துக்கிட்டீங்களா?

— ஏணியைத் தேடற நேரத்தையும் சேர்த்துக்கிட்டேன். குறிப்பு நாலு. முக்கியமான மெயிலை எழுதின சூட்டோட அனுப்பாதீங்க. பிறகு தானா போற மாதிரி நேரம் குறிச்சு வைங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் நிறுத்தலாம், திருத்தலாம். கோபத்துல எழுதினதா இருந்தா, மறுபடியும் படிக்கும்போது உங்களுக்கே வெட்கமா இருக்கும்.

— இது நல்ல குறிப்புங்க. நிஜமாவே சொல்றேன். நான்கூட இதைத்தான் பின்பற்றறேன்.

— பார்த்தியா! வீட்டுல இருந்தாலும் காதுல விழுது. அஞ்சு, ஆறு, ஏழு எல்லாம் ஷார்ட்கட். எதை அமுக்கினா திரையைப் பிரிக்கலாம், எதை அமுக்கினா மூடின பக்கம் திரும்ப வரும், எதை அமுக்கினா முன்னாடி காப்பி பண்ணின பத்தும் வரிசையா நிக்கும். இதுக்குத்தான் ஆச்சரியப்படுவாங்க. எட்டாவது, ஃபைலுக்குப் பேர் வைக்கற முறை. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒரே அறிக்கைக்குக் 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'இதுதான் கடைசி, சத்தியமா'ன்னு பேர் வச்சிருக்கார். தேதியை முன்னாடி போட்டா தீர்ந்துது.

— எங்க லேப்ல அப்படித்தான் ஒருத்தர் டப்பாவுக்குப் பேர் வைப்பார். 'வெள்ளை', 'நல்ல வெள்ளை', 'மேடம் சொன்ன வெள்ளை'.

— அதையும் சேர்த்துக்கறேன்.

— அது சரி, இந்த டெமோவை எல்லாம் ஆபீஸ் திரையில ஒரு தடவை ஓட்டிப் பார்த்தீங்களா?

— எதுக்கு? நேரா மேடையிலதான்.

— எங்க லேப்ல அப்படிச் செய்யவே மாட்டோம். எவ்வளவு உசத்தியான பெயிண்டா இருந்தாலும் எடுத்த எடுப்புல சுவர் முழுக்க அடிச்சுட மாட்டோம். யார் கண்ணுலயும் படாத ஒரு மூலையில கொஞ்சமா அடிச்சு, காயவிட்டு, நகத்தால சுரண்டிப் பார்ப்போம். உரிஞ்சு வரலைன்னாத்தான் மிச்சச் சுவர்.

— அது பெயிண்ட்மா. இது தொழில்நுட்பம். காய வேண்டியதே இல்லை. இப்போ பாரு ஒன்பதாவது குறிப்பை. இதுதான் மகுடம். என் காலண்டரையே திறந்து காட்டப் போறேன்.

— காட்டுங்க. சட்டையும் முடிஞ்சுது, காலர்தான் பாக்கி.

— நாள் முழுக்க யாராவது ஒருத்தர் மீட்டிங்குக்கு அழைப்பு அனுப்பிக்கிட்டே இருக்காங்க இல்லையா? ஒவ்வொண்ணையும் திறந்து படிச்சு, யோசிச்சு, சரின்னு அமுக்கி… எதுக்கு? ஒரு செட்டிங்கை மாத்தி விட்டா போதும். அந்த நேரம் காலியா இருந்தா, காலண்டர் தானாவே அக்செப்ட் பண்ணிடும். நான் பார்க்கவே வேண்டியதில்லை.

— பார்க்கவே வேண்டியதில்லையா?

— கிட்டேயே போக வேண்டியதில்லை! இதோ, அடுத்த மாசத்தை எடுக்கறேன். பாரு, எவ்வளவு நேர்த்தியா… இது என்ன?

— எதுங்க?

— 'லேப் தலைமைப் பொறுப்பு. நாம குடும்பத்தோட அந்த ஊருக்கே போயிடலாமா?' அக்செப்டட். அடுத்தது, 'புது வீடு பார்க்கறது'. அக்செப்டட். 'பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் மாத்தறது'. அக்செப்டட். 'லாரி'. லாரியா? லாரிக்கும் அக்செப்டட்!

— நாலுக்கும் உடனே பதில் வந்துச்சு. எவ்வளவு ஒழுங்கான மனுஷர்னு நினைச்சுக்கிட்டேன்.

— இதையெல்லாம் நான் அக்செப்ட் பண்ணலை!

— உங்க பேர் இருக்கே. பேர் பக்கத்துல பச்சை டிக். நல்ல பச்சைங்க, பளிச்னு.

— அது நான் இல்லை! மெஷின்!

— நான் யாருக்குங்க அழைப்பு அனுப்பினேன்? மெஷினுக்கா கழுத்தை நீட்டினேன்?

— விளையாடாதே. இன்னைக்குத்தான் எனக்குப் பதவி கிடைக்கப் போகுது. இன்னைக்குப் பார்த்து ஊரை விட்டுப் போகலாங்கறே. முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

— சொல்லாமலா இருந்தேன்? சாப்பிடும்போது ஆரம்பிச்சேன். 'சாப்பிடும்போது சாப்பாடு மட்டும்'னீங்க. வண்டியில ஆரம்பிச்சேன். காதுல எதையோ மாட்டிக்கிட்டு, யாரோ நேரத்தை மிச்சம் பண்றது எப்படின்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டே வந்தீங்க. படுக்கப் போகும்போது ஆரம்பிச்சேன். விளக்கை அணைச்ச பிறகு மூளைக்கு வேலை தரக் கூடாதாம். சரி, இன்னைக்குக் காலையில? சட்டையோட கையைத் தேய்க்கும்போதே ஆரம்பிச்சேன். இப்போ காலருக்கு வந்துட்டேன்.

— சரி, இப்போ சொல்லும்மா. கேக்கறேன்.

— நான் அந்த லேப்ல சேர்ந்த பிறகு மூணு தலைவர் வந்து போயிட்டாங்க. மூணு பேருக்கும் வெள்ளையில எத்தனை வெள்ளை உண்டுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கடைசியா வந்தவர் சாம்பல் நிறத்தைப் பார்த்து 'இது கலரா, அழுக்கா'ன்னு கேட்டார். இப்போதாங்க முதல் தடவையா, 'நீயே போய் நடத்தும்மா'ங்கறாங்க. எனக்கு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்.

— அந்த ஃபோல்டர்…

— எந்த ஃபோல்டர்?

— 'ஓய்வா படிக்க'. படிக்காம ஒதுக்கறதுக்காகப் போடலைம்மா. மத்தவங்க எழுதறதெல்லாம் மேலோட்டமா பார்த்துத் தள்ளறது. உன்னுதை மட்டும் நிதானமா படிக்கணும்னுதான் தனியா வச்சேன்.

— அது எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சதாலதான் உங்க சட்டை இன்னும் கருகாம இருக்கு.

— கம்பெனிக்குப் பதில் அனுப்பிட்டியா?

— எழுதி வச்சிருக்கேன். மத்தியானம் தானா போயிடும். குறிப்பு நாலு.

— அப்போ இன்னும் நிறுத்தலாம்?

— நிறுத்தலாம். என் லேப்டாப் அந்த மேசை மேல இருக்கு. ஆனா நிறுத்தறதா இருந்தா உங்க கையாலயே நிறுத்துங்க. நான் நிறுத்த மாட்டேன்.

— பூனை இப்போ உன் லேப்டாப் மேல படுத்திருக்கு.

— தள்ளி விடுங்க. பிராண்டாது.

— எங்கே… 'மதிப்பிற்குரிய ஐயா, இந்தப் பொறுப்பை ஏற்பதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. என் கணவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டார்.' மனப்பூர்வமாவா?

— ஒரு பச்சை டிக்குக்குள்ள எவ்வளவு மனப்பூர்வம் இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

— மேலாளர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரேம்மா.

— லிஃப்ட்ல.

— லிஃப்ட்ல. ம்… அந்த லிஃப்ட்ல பின்பக்கமும் கண்ணாடிதான். நான் அதுக்கு முன்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

— என்னங்க, எதையோ அமுக்கறீங்க. நிறுத்திட்டீங்களா?

— அனுப்பிட்டேன்.

— இப்பவேவா? மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கேங்க!

— குறிப்பு மூணு. ரெண்டு நிமிஷத்துல முடியற வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. 'மனப்பூர்வமாக'ங்கறதுக்குப் பக்கத்துல இன்னொரு 'மனப்பூர்வமாக' சேர்த்திருக்கேன். முதல்ல இருக்கறது மெஷினோடது. ரெண்டாவது என்னோடது.

— ரெண்டு தடவையா எழுதினீங்க?

— அழறியா?

— ஆவிங்க. இஸ்திரிப் பெட்டியிலேர்ந்து ஆவி வருது.

— பெட்டியை அப்பவே அணைச்சுட்டியே.

— சட்டையைப் போடுங்க முதல்ல. உங்க பதவி என்ன ஆகறது?

— பேசத்தான் போறேன். பதவியைக் குடுத்தா வாங்கிக்க முடியாது. குடுக்கலைன்னா வருத்தப்பட வேண்டியதில்லை. ரெண்டு வகையிலயும் நேரம் மிச்சம். அந்த ஊர்லயும் ஆபீஸ் இருக்கும், அங்கேயும் நாலு பேருக்கு இன்பாக்ஸ் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு, அந்த ஒன்பதாவது குறிப்பை எடுத்துடப் போறேன்.

— மகுடமாச்சேங்க!

— ஆபத்தும்மா அது. பாவம், உனக்கு இந்த செட்டிங் எல்லாம் என்ன தெரியும்? நம்பி ஒரு அழைப்பு அனுப்பினே, சரின்னு வந்ததும் சந்தோஷப்பட்டுட்டே. உன்னைக் குத்தம் சொல்லவே மாட்டேன்.

— என்னங்க.

— ம்?

— ஒண்ணு சொன்னா கோபிக்கக் கூடாது.

— ஊரையே மாத்திட்டே. இனிமே கோபிக்க என்ன இருக்கு? சொல்லு.

— சுவர் முழுக்க அடிக்கறதுக்கு முன்னாடி, கண்ணுல படாத ஒரு மூலையில கொஞ்சமா அடிச்சுப் பார்ப்போம்னு சொன்னேன் இல்லையா?

— ஆமா, சொன்னே. அதுக்கென்ன?

— உங்க காலண்டருக்கு நான் அனுப்பின முதல் அழைப்பு, 'பூனை வளர்க்கலாமா?' அந்த மூலைதாங்க இந்தப் பூனை.