பேர் தெரியாத புனிதர்

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு தம்பதி. சகல புனிதர் திருநாள் பூசை முடிந்து வருகிறவர்கள்.

"புனிதருக்குப் பேர் தெரியலன்னா எப்படிங்க வேண்டிக்கிறது?" என்றாள் மனைவி.

"ஃபாதர்தான் சொன்னாரே. அந்தக் காலத்துல வேதத்துக்காக செத்தவங்க ஏகப்பட்ட பேரு. ஆளுக்கொரு நாள் வெக்க முடியல, பாதிப் பேருக்குப் பேரே தெரியாது. அதான் எல்லாருக்கும் சேத்து ஒரே திருநாள். நம்ம வூட்லயும் அப்டி யாராச்சும் இருந்திருப்பாங்க, அவங்கள நெனச்சுக்கோங்கன்னாரு."

"நெனச்சேன். எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப பீ, மூத்திரம் அள்ளுனாங்களே, அந்த ஆயா." அவள் குரல் இறங்கியது. "பேரு தெரியலங்க. வருசக்கணக்கா நம்ம வூட்ல இருந்தாங்க, ஒரு நாளும் கேக்கல. செத்துட்டாங்கன்னு அவங்க பொண்ணு வந்து சொன்னப்பகூட, 'யாரு, ஆயாவா?'ன்னுதான் கேட்டேன்."

திருக்கழுக்குன்றம் வந்ததும் அவள் எழுந்தாள்.

"இன்னா, இங்க எறங்குற?"

"அந்தப் பொண்ணு வூடு இங்கதான கீது. கேட்டுட்டு வரேன்."

"இப்ப போய் அந்தப் பொண்ணுகிட்ட 'உங்கம்மா பேரு இன்னா'ன்னு கேட்டா அசிங்கமா இருக்காதா?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.