செட்டியாருக்கும் மூச்சு வேண்டும்

என் கொண்டை சின்ன வயதிலிருந்தே நிற்காது. வேலைக்கு நடுவே ஊசியை எடுத்து எடுத்துச் செருக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் முதலாளி, பிறகு எதையும் மறைத்ததாக ஆகக் கூடாது.

நேற்று சூளையில் என் செட்டியார் பொம்மைகள் ஏன் வெடித்தன என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு இளமதியிலிருந்து தொடங்க வேண்டும். என் கொழுந்தனார் பெண்டாட்டி. அவள் புருஷன் கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தபோது, அவளை இந்த ஷெட்டுக்குக் கூட்டி வந்ததே நான்தான். அந்த நல்ல மனசையும் மறந்துவிடாதீர்கள்.

அவளுக்குப் பொல்லாத கண். நான் புளிக்குழம்பு வைப்பதைப் பார்த்துவிட்டுப் போய் என்னைவிட ருசியாக வைத்தாள். என் வீட்டுக்காரரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இங்கேயும் அப்படித்தான். அச்சில் களிமண் கூழ் ஊற்றுவது, மிச்சத்தைக் கவிழ்ப்பது, அடியை மூடுவது என்று எல்லாம் பார்த்தே படித்தாள். "யக்கா, நீங்க செய்யறத பாத்துக்கிட்டிருந்தாலே போதும், சொல்லித்தரவே வாணாம்" என்பாள். கொலு சீசனுக்கு அவளை மேஸ்திரியாக்கலாம் என்று நீங்கள் சொன்ன அன்று எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

செட்டியாருக்குப் பெரிய தொந்தி, உள்ளே வெறும் காற்று. மூடியபடி சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் அக்குளில் ஊசியால் சின்ன ஓட்டை போட வேண்டும். நானும் போட்டேன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கொண்டையிலிருந்து ஊசியை எடுப்பேன், குத்துவேன், மறுபடி செருகுவேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பொம்மைக்கு ஒருதரம் தன் கொண்டை ஊசியை எடுத்து மறுபடி கொண்டையிலேயே செருகக் கற்றுக்கொண்டாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதிரே அகல் விளக்கு துடைத்துக்கொண்டிருந்த என் மகள் துர்காதேவிகூட ஒருதரம் தலைநிமிர்ந்து பார்த்தாள். ஆனால் எதையும் கவனிக்கிற பிள்ளை இல்லை அவள்.

இளமதியின் செட்டியார்கள் அத்தனை பேரும் வெடித்தார்கள். நீங்கள் அவளை அனுப்பிவிட்டீர்கள், என்னை மேஸ்திரியாக்கினீர்கள். அழுதுகொண்டு நின்றவளுக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். "அழுவாத இளமதி, உனுக்கு கைராசி இல்ல" என்றேன். நம்பிவிட்டாள். இப்போது பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறாள். ராத்திரி வந்து புருஷனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாளாம். நான் அவளிடம் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. அவளாகப் பார்த்தாள், அவளாகச் செய்தாள்.

இளமதி இருந்த இடத்துக்குத் துர்காவை மாற்றினீர்கள். என் பொம்மைகளையும் அவளே ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குகிறாள். பஞ்சைக் கொஞ்சம் அழுத்தினால் ஊசி ஓட்டை அடைத்துக்கொள்ளும். நேற்று சூளையைத் திறந்தால் என் செட்டியார்கள் சில்லுசில்லாகக் கிடக்கிறார்கள், அவளுடையவர்கள் தொந்தியும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் எனக்கு டீ வாங்கி வந்தாள். "அழுவாதம்மா, உனுக்குக் கைராசி போயிடுச்சு" என்றாள்.

மேஸ்திரி வேலையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இன்றைக்கும் அவள் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற தாயிடமே இப்படி நடந்துகொள்ள யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ முதலாளி, எனக்குத் தெரியவில்லை.