இடக்கைக் கியர்

ஓம் தம்பி, இது சத்தமில்லாமத்தான் வரும். நான் உங்கட முழங்காலுக்குப் பக்கத்தில கொண்டந்து நிப்பாட்டிப்போட்டு இருக்கிறன், நீங்கள் ஸ்ரேசன் வாசலில நிண்டு றோட்டைப் பாக்கிறீங்கள். உங்கட கொம்பனி மோட்டார், உங்களுக்கே கேக்கேல்லை. ஏறுங்கோ. தோள்பையைக் காலுக்குக் கீழ வையுங்கோ. அந்தப் பைலை மட்டும் இறுக்கிப் பிடியுங்கோ. ஒலுமடு தாண்ட நல்ல காத்து. காகிதம் பறந்தால் உங்கட விசாரணை முழுக்க வயலுக்குள்ள.

யதுர்ஷன்தானே? போனில கேட்ட குரல்தான். நான் ஆன்சலா, கொன்ஸ்ரன்ரைன்ர மனுசி. ஓட்டோ வரும் எண்டு மட்டுந்தான் சொன்னவரோ? அப்பிடித்தான் சொல்லுவார். ஆர் ஓட்டிக்கொண்டு வருவினம் எண்டு சொல்ல அவருக்கு மனம் வராது. வீட்டை போய்ச்சேர அரை மணித்தியாலம் இருக்கு. கதைச்சுக்கொண்டு போவம்.

உது என்ன, புத்தகமோ? மின்சார வாகனச் செலுத்துத் தொகுதியும் சந்தைப் போக்கும். மட்டையே வடிவா இருக்கு. உதைப்போல ஒண்டு கிளிநொச்சிக் கூட்டத்தில எங்களுக்கும் தந்தவை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு கோடு ஏறிக்கொண்டிருக்கும். மோட்டார் எண்டாலும் ஏறும், கியர் எண்டாலும் ஏறும். இறங்கிற கோடு ஒண்டுகூட நான் காணேல்லை. அண்டைக்குப் பேசின ஐயா ஒருத்தர், இனி மோட்டார், கியர், அச்சு மூண்டையும் ஒரே பெட்டிக்குள்ள பூட்டுறதுதான் உலகப் போக்கு எண்டார். எங்கட ஓட்டோ ஸ்ராண்டு இளையதம்பி அண்ணை எழும்பி, அப்ப ஒண்டு பழுதாப்போனால் மூண்டையும் சேத்தெறியிறதோ எண்டு கேட்டார். ஐயா தண்ணி குடிச்சார். பிறகு அடுத்த படத்தைப் போட்டார்.

சிரிக்கிறீங்கள். உங்களுக்கும் அந்த ஐயாவைத் தெரியும்போல.

சரி, நீங்கள் விசாரிக்க வந்த விசயத்துக்கு வாறன். என்ர மனுசன் முல்லைத்தீவுக் கடலில வளந்தவர். இடது கை முழங்கைக்குக் கீழ இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில போனது. அதை நான் விரிச்சுச் சொல்லேல்லை, நீங்களும் எழுதவேண்டாம். ஒரு கையால வலை இழுக்கேலாது. ஓட்டோ ஓட்டுவம் எண்டால், பெற்றோல் ஓட்டோவில கிளச்சும் கியரும் எந்தப் பக்கம்? இடப்பக்கம். இல்லாத கையிலதான் எல்லா வேலையும். அப்பத்தான் ஒரு நிறுவனம் வந்து பொம்பிளையளுக்கு ஓட்டோப் பழக்குறம் எண்டிச்சினம். இவர்தான் என்னைச் சைக்கிளில ஏத்திக்கொண்டுபோய்ப் பேர் குடுத்தவர். ஒரு கையால ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு, அவ்வளவு தூரம். அதை நான் மறக்கிறேல்லை.

எட்டு வருசம் ஓட்டினனான் தம்பி. மாங்குளம் ஸ்ராண்டில நான் ஒருத்திதான் பொம்பிளை. முதல் நாளையில கியர் மாத்தேக்க கரகர எண்டு சத்தம் வரும். ஆன்சலாக்கா கச்சான் கடலை வறுக்கிறா எண்டு பெடியள் பகிடி பண்ணுவாங்கள். ஆறு மாதம் போக, அதே பெடியளின்ர ஓட்டோ மாரிச் சேத்துக்குள்ள புதைஞ்சால் என்னைத்தான் கூப்பிடுவாங்கள். முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை அரைவாசி விட்டுப் பிடிச்சு, தூக்கியெடுக்கிற பதம் எனக்குத்தான் வரும். இராசமலர் ரீச்சர் என்ர ஓட்டோவைத் தவிர வேற ஒண்டிலயும் ஏறமாட்டா. கொன்ஸ்ரன்ரைன்ர மனுசி எண்டு சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். ஓட்டோ ஆன்சலா எண்டு சொன்னால் ஒட்டுசுட்டான் வரைக்கும் தெரியும்.

பேந்து பெற்றோல் இல்லாமப் போச்சு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோல் செட்டுக்கு முன்னால மூண்டு நாள் நிண்டு, ஓட்டோவைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், கிட்டவர முடிஞ்சுது எண்டுவாங்கள். அந்தக் கஸ்டம் முடிஞ்ச கையோடதான் உங்கட ஆக்கள் வந்தவை. இருக்கிற ஓட்டோவையே கறண்டுக்கு மாத்தித் தாறம் எண்டு. எங்கட முத்தத்தில வைச்சுத்தான் எஞ்சினையும் கியர் பொக்சையும் கழட்டினவை. என்ர எட்டு வருசத்தைக் கழட்டிச் சாக்கில போட்டுட்டு, சோத்துப் பானையளவு மோட்டார் ஒண்டைப் பூட்டினவை. கிளச் இல்லை, கியர் இல்லை. வலக்கையால முறுக்கினால் போகும், காலால மிதிச்சால் நிக்கும். இடக்கைக்கு ஒரு வேலையும் இல்லை.

இவர் அதைச் சுத்திச் சுத்தி வந்தார். பிறகு முன்னுக்கு ஏறி இருந்து, மொட்டைக் கையை இடப்பக்கப் பிடியில ஊண்டிக்கொண்டு, மெல்ல முறுக்கினார். படலையால வெளிக்கிட்டுக் கோயிலடி வரைக்கும் போட்டுத் திரும்பி வந்தார். வந்து, நீரும் ஏறும் எண்டார். பதினாலு வருசத்துக்குப் பிறகு அந்த மனுசன் ஒரு மோட்டார் வண்டியில என்னைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு போனது தம்பி. நான் அழுதனான். சந்தோசத்தில. அதில ஒரு பொய்யும் இல்லை.

லைசென்சுக்கு அவர் நடந்த நடையைச் சொல்ல வெளிக்கிட்டால் நாங்கள் முல்லைத்தீவுக்கே போயிடுவம். எடுத்திட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தான் உங்கட விளம்பரக்காறர் கமராவோட வந்தவை. ஒரு கை போதும் உலகை ஓட்ட எண்டு பெரிசா எழுதி வவுனியா பஸ் ஸ்ராண்டில ஒட்டினதைப் பாத்திருப்பீங்கள். படம் எடுக்கேக்க, சேட்டுக் கையை மேல மடிச்சு விடுங்கோ ஐயா எண்டினம். இல்லாத கை வடிவாத் தெரியோணுமாம். நான் ஓட்டோவுக்குப் பக்கத்தில நிண்டனான். அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, படத்துக்குள்ள வாறீங்கள் எண்டான் ஒரு பெடியன். தள்ளி நிண்டன். குசினி வாசல் வரைக்கும் தள்ளி நிண்டன்.

பிறகென்ன, ஒரே கூட்டம், ஒரே பொன்னாடை. அலுமாரிக்குள்ள சீலை வைக்க இடமில்லை, ஏழு பொன்னாடை கிடக்கு. ஸ்ராண்டில என்ர இடத்தில இவர். இராசமலர் ரீச்சரும் இவரோட போகத் துவங்கிட்டா. இனி நீர் ஆறுதலா இரும், எட்டு வருசம் மாரடிச்சது காணும் எண்டார் எனக்கு. நல்ல மனசோடதான் சொன்னவர். நான் களைச்சுப்போனன் எண்டு ஆருக்கும் சொன்னனானோ? சந்தைக்குப் போனால், குடுத்து வைச்சனீ ஆன்சலா எண்டு சனம் சொல்லும். நானும் சிரிப்பன்.

இப்பிடி ஒண்டரை வருசம். பேந்து ஒரு மழைக்கு, மோட்டாருக்குக் கறண்டு விடுற கொன்ரோலர் எரிஞ்சு போச்சு. அறிவிச்சவுடன உங்கட லொறி வந்திச்சு, அதைக் குறை சொல்லேலாது. பழசு இனி வராது, இது இரண்டாம் பதிப்பு எண்டு, மோட்டாரோட இரண்டு கியர் வைச்ச ஒண்டைப் பூட்டினவை. மலைநாட்டில ஏத்தம் ஏறக் காணாதெண்டு கேட்டவையாம். கேப்பினம்தானே, அங்க மலை இருக்கு. இங்க ஏத்தம் எண்டால் குளக்கட்டு ஒண்டு. அதிலயும் மாடுதான் ஏறுறது.

பூட்டி முடிச்ச பெடியன் இவரிட்டச் சாவியைக் குடுத்திட்டு, ஐயா, இந்த இடப்பக்கப் பிடியை அமத்திக்கொண்டு முறுக்குங்கோ, ஒண்டு, ரெண்டு மாறும் எண்டான். இவர் பிடியைப் பாத்தார். தம்பி, எதால அமத்திறது எண்டு கேட்டார். அந்தப் பெடியன் இவற்ற கையைப் பாத்தான். பிறகு ஓட்டோவின்ர முதுகில ஒட்டியிருக்கிற இவற்ற படத்தைப் பாத்தான். மேல சொல்லுறன் ஐயா எண்டிட்டு லொறியில ஏறிட்டான். மேல எண்டது எங்கயெண்டு இண்டைக்கும் தெரியாது.

ஒண்டாம் கியரிலயே ஓட்டலாம்தானே எண்டு நினைப்பீங்கள். ஓட்டலாம், சைக்கிள்காறன் முந்திப் போவான். இரண்டில எடுத்தால் மோட்டார் உறுமும், வண்டி நிண்ட இடத்தில இருந்து அரக்காது. இவர் விடேல்லை. பழைய பெல்ற்றை வெட்டி வளையம் தைச்சு, மொட்டைக் கையைப் பிடியோட சேத்துக் கட்டினார். அதால அமத்தி முறுக்கப் பழகினார். முத்தத்தில சரியா வந்தது. மூண்டு நாள் றோட்டிலயும் சரியா வந்தது. நாலாம் நாள், அந்தா அந்த வளைவு தெரியுதே, அதில திருப்பேக்க வளையம் இறுகிப்போச்சு. கையை எடுக்கேலாது, ஹாண்டில் நிமிராது. நேரத் தில்லைநாதன் அண்ணையின்ர வயலுக்குள்ள. பின்னுக்கு எங்கட பக்கத்து வீட்டு ராஜினி, கிளினிக்குக்குப் போன பிள்ளை, மடியில மூண்டு மாதக் குழந்தை.

இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. மாரி நாள், வயல் முழுக்கச் சேறு, மெத்தைமாதிரி ஏந்தினது. குழந்தை அழவும் இல்லையாம். இவர்தான் நடந்து வந்தவர். உடம்பு முழுக்கச் சேறு. மாதா படத்துக்குக் கீழ ஒரு ஆணி இருக்கு. அதில சாவியைக் கொழுவிட்டுக் கிணத்தடிக்குப் போனவர், கனநேரம் தண்ணி வாக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுக்குப் பிறகு அந்தச் சாவியை அவர் தொடேல்லை. அடுத்த நாள் நான் எடுத்தனான். இப்ப பதினொரு மாதம்.

என்ன கேக்கிறீங்கள்? கொம்பனி ஒருத்தரையும் கேக்காமலோ பூட்டினது எண்டோ?

கொஞ்சம் இருங்கோ, ஓரமா நிப்பாட்டுறன். ஒண்டுமில்லை, மாடு கடக்குது. மாடு போனாப்பிறகும் நிக்கிறன்தான். ஓம்.

கேட்டவை தம்பி. கமலாசனி எண்டு ஒரு பிள்ளை, உங்கட கொம்பனிச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கையில சின்ன ராப் கம்பியூட்டரோட வந்தவா. கொன்ரோலர் எரியிறதுக்கு ஒரு மாதம் முந்தி. இவர் அண்டைக்கு ஏதோ கூட்டத்துக்குப் போட்டார், ஏழாவது பொன்னாடையாக்கும். வீட்டில நான் மட்டும். ஓட்டோ என்ர பேரில. அடுத்த முறை மாத்தேக்க உங்களுக்குக் கியர் இருக்கிறது வேணுமோ, இல்லாதது போதுமோ எண்டு கேட்டவா. இருக்கிறது எண்டன். அந்தப் பிள்ளைக்கு இவற்ற படம் தெரியும். அக்கா, வடிவா யோசிச்சோ சொல்லுறீங்கள், ஐயாவுக்குக் கஸ்டமெல்லோ எண்டு திருப்பிக் கேட்டவா. ஓட்டுறது நான்தான் பிள்ளை, அவர் படத்துக்கு மட்டுந்தான் எண்டன். கண்ணைக்கூடச் சிமிட்டாம, தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு சொன்னனான். பிறகு விரலால கண்ணாடியில கையெழுத்துப் போட்டன்.

அதின்ர பிரதி உங்கட பைலுக்குள்ள இருக்கும். வன்னியில சனம் கியர் கேக்குது எண்டு நீங்கள் எங்கயாவது எழுதியிருந்தால், அந்த வன்னி நான்தான்.

அவர் ஓட்டமாட்டார் எண்டுதான் நினைச்சனான். வெறுத்துப்போய் இறங்கி இருப்பார், நான் ஏறலாம் எண்டு. பெல்ற்றால கட்டிக்கொண்டு ஓட்டுவார் எண்டு நினைக்கேல்லை. ராஜினியின்ர குழந்தையை நினைக்கேல்லை. கை இல்லாத மனுசனில எனக்கு எரிச்சல் வந்தது எண்டு பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்திலகூடச் சொல்ல வாய் வரேல்லை. பாதரும் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினவரெல்லோ.

இந்தக் கியரைப் பற்றி இவர் உங்கட கொம்பனிக்கு ஐஞ்சு கடிதம் எழுதினவர். வந்தது ஒண்டுதானே? தபால் கந்தோருக்குப் போறது நான். நாலு நீங்கள் இருக்கிற சீற்றுக்குக் கீழ கிடக்கு. ஐஞ்சாவதை ஏன் போட்டனான் எண்டால், போன மாதம் ஒரு காலமை குசினிக்குள்ள நிண்டு பாக்கிறன், இவர் முத்தத்தில நிக்கிற ஓட்டோவில ஏறி இருக்கிறார். சாவி இல்லை. வலக்கையால சும்மா முறுக்கிறார், மொட்டைக் கையைப் பிடியில ஊண்டியிருக்கிறார். வளைவில திருப்பிறமாதிரி உடம்பைச் சரிக்கிறார். நான் பாத்ததைக் கண்டிட்டு, சீற்றில தூசு எண்டு இறங்கித் துடைச்சார்.

சரி, எடுப்பம். இன்னும் ஒரு கிலோமீற்றர்தான்.

கியர் இல்லாததைத் திருப்பிப் பூட்டுங்கோ. காலமை அவர் ஓட்டட்டும், பின்னேரம் நான் ஓட்டுறன். ஆறுதலா இருக்க எனக்கு வராது எண்டதை நான் அவருக்கே சொல்லிக்கொள்ளுவன். உங்கட அறிக்கையில அதுக்கு ஒரு பெட்டி இராது, பரவாயில்லை.

அந்தா, நீலப் படலை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறார், உங்களுக்காகத்தான். உள்ள கதிரை போட்டு வைச்சிருப்பார். பைலைத் திறக்காதேங்கோ தம்பி, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. நீங்கள் வாயைத் திறக்க முந்தி, கியர் கேட்டது நான்தான் எண்டு நானே அவருக்குச் சொல்லோணும். பிறத்தி ஆள் வீட்டில இருந்தால் அவர் சத்தம் போடமாட்டார். அந்தத் துணிவிலதான் உங்களை ஏத்த நானே வந்தனான். பாத்து இறங்குங்கோ, படி கொஞ்சம் உயரம்.